கட்டிலுக்கு அடியில் பறைகள்

பாப்பா,

பெங்களூருப் பயிற்சி முடிந்து நீ ஊருக்குப் போகும்போது சமுதாயக்கூடத்தில் பறைகள் இருக்காது. பதறாதே, யாரும் திருடவில்லை. நான்தான் எடுத்து வந்தேன். எல்லாம் இப்போது குவார்ட்டர்ஸில் என் கட்டிலுக்கு அடியில் பழைய போர்வையில் சுற்றிக் கிடக்கின்றன. குச்சிகளை ஒரு தலையணை உறைக்குள் போட்டு வைத்திருக்கிறேன். போனில் சொன்னால் நீ முதலில் கோபப்படுவாய், பிறகு என்னைச் சமாதானப்படுத்த ஆரம்பிப்பாய். நீ பேசினால் நான் சமாதானமாகிவிடுவேன். இந்தத் தடவை அப்படி ஆகக் கூடாது என்று நினைக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். நீ பறை சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளின் அம்மா அப்பாக்களும் இதைப் படிக்கட்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு நீயே படித்துக் காட்டு.

எனக்குப் பயமாக இருக்கிறது. செவ்வாய்க்கிழமையிலிருந்து சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஜீப் சத்தம் கேட்டால் யார் இறங்குகிறார்கள் என்று எட்டிப் பார்க்கிறேன். உன் அப்பா திண்டுக்கல்லிலிருந்து வாரக்கடைசியில்தான் வருவார், அவரிடமும் இன்னும் சொல்லவில்லை. சொன்னால், அவர்களே பார்த்துக்கொள்வார்கள், நீ ஏன் குறுக்கே போகிறாய் என்பார். குறுக்கே போகாமல் இருந்ததால்தான் இவ்வளவும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

செவ்வாய்க்கிழமை மருந்து கொடுக்கும் ஜன்னலில் கூட்டம் குறைந்த நேரம். கார்த்திக் வந்து நின்றான். நம் ஊர்ப் பெரிய வீட்டுப் பேரன், கேரட் ஷெட் வைத்திருக்கிறானே, அவன்தான். உனக்கும் அவனுக்கும் ஒரே வயதுதான் இருக்கும். அவன் பாட்டிக்கு ரத்த அழுத்த மாத்திரை வாங்க மாதாமாதம் வருவான். வரிசையில்தான் நிற்பான், முந்த மாட்டான். நல்ல பையன். நான் பயப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம். அன்றைக்கு அவன் கையில் மருந்துச் சீட்டு இல்லை.

"மேடம், அப்பத்தாவுக்கு ரொம்ப முடியலைங்க. வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிருங்கன்னுட்டாங்க. இன்னைக்கோ நாளைக்கோன்னு கெடக்கு" என்றான். நான் வருத்தம் சொன்னேன். உண்மையாகவே வருத்தம்தான். அவன் கொஞ்சம் தயங்கிவிட்டு, உன் பிள்ளைகளின் வீடியோவைப் பார்த்ததாகச் சொன்னான். "செமையா அடிக்குதுக மேடம். அப்பத்தாவ அனுப்பும்போது அந்தப் பிள்ளைக வந்து அடிச்சா நல்லாருக்கும். வத்தலக்குண்டுல இருந்து எவனையோ வண்டி வச்சுக் கூட்டிட்டு வர்றதுக்கு, நம்ம பிள்ளைக இருக்கையில." கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுவோம் என்றும் சொன்னான். குரலில் அதட்டல் இல்லை. ஆசையாகக் கேட்டான். தன் பாட்டியின் மேல் அவனுக்கு இருக்கிற பிரியம் எனக்குத் தெரிந்தது. கூடவே, முப்பது வருஷத்துக்கும் மேலாக யாரும் எங்களிடம் கேட்காத ஒன்றை அவன் கேட்டுக்கொண்டு நிற்கிறான் என்பதும் தெரிந்தது. அது அவனுக்கே தெரியவில்லை.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தோல் கிழிஞ்சு கெடக்குங்க தம்பி, அடிக்க முடியாது" என்றேன். வாயில் முதலில் வந்த பொய் அது. அவன் தலையாட்டிவிட்டுப் போனான். அடுத்து நின்ற பெரியவருக்குச் சர்க்கரை மாத்திரைக்குப் பதிலாக வேறொரு அட்டையைக் கிழித்துக் கொடுத்துவிட்டேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எப்பவும் தர்றது இல்லையேம்மா" என்றார். இத்தனை வருஷ வேலையில் எனக்கு அப்படி ஆனதே இல்லை.

நீ ஏன் இவ்வளவு பயம் என்று கேட்பாய். உனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் சொல்லவில்லை. உன்னைக் கொடைக்கானலில் வளர்த்தேன். கான்வென்டில் படிக்க வைத்தேன். லீவுக்கு மட்டும் மாமா வீட்டுக்குக் கூட்டிப்போனேன். ஊர் மேட்டில் இருக்கிறது, காலனி ஓடைக்குக் கீழே இருக்கிறது என்பதை ஒரு பூகோள விஷயம் போலவே உனக்குக் காட்டிவந்தேன். கல்லூரியில் சேர்ந்த வருஷம் நீ பறைக் குழுவில் சேர்ந்து, முதல் மேடையில் மைக்கைப் பிடித்து, "எங்க தாத்தா கையிலிருந்து நழுவிப்போன கலையை நான் எடுத்துக்கிறேன்" என்று பேசினாய். கைதட்டல் அடங்கவே இல்லை. உன் தாத்தா கையிலிருந்து அது நழுவவில்லை, பாப்பா. அவர் அதை வேண்டுமென்றே கீழே வைத்தார். வைத்ததற்காகப் பட்டினி கிடந்தார். அன்றைக்கே நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும். உன் முகத்தில் இருந்த வெளிச்சத்தைக் கெடுக்க மனம் வரவில்லை.

பறை என்கிறாய் நீ. எங்கள் வீட்டில் அப்படி ஒரு பெயரை நான் கேட்டதில்லை. கொட்டு என்போம். ஊரில் யாராவது செத்தால் ஆள் வரும், வாசலுக்கு வராது, ஓடைக்கு அந்தப் பக்கமே நின்று, "ஏலே பொன்னா" என்று கூப்பிடும். என் அப்பா எந்தச் சோலியில் இருந்தாலும் போட்டுவிட்டுப் போக வேண்டும். ஒருவர் அடிக்க, இன்னொருவர் சாவுச் சேதியை ஊர் ஊராகக் கேதம் சொல்லப் போக வேண்டும். பெரிய வீட்டுச் சொந்தக்காரர்கள் எங்கெங்கோ இருந்தார்கள். அப்பா மன்னவனூர்ப் பக்கமும் போவார், கொடைக்கானலைத் தாண்டி வெள்ளகவிப் பாதையில் இறங்கியும் போவார். அந்த ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை என்று இப்போது ட்ரெக்கிங் வருகிறவர்கள் ஆச்சரியமாகச் சொல்கிறார்கள். அப்பாவுக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. அவர் எந்த ஊருக்குள்ளும் செருப்போடு நடந்ததில்லை.

நான் ஏழாவது படித்த வருஷம், ஐப்பசி மாதம், பெரிய வீட்டில் ஒரு பெரிய சாவு. இப்போது படுத்திருக்கும் அந்த அம்மாவின் மாமனார். மழையும் மேகமூட்டமும் விடவே இல்லை. இந்த மலையில் மூட்டம் இறங்கினால் தோல் நமுத்துப்போகும், அடித்தால் ஈரத்துணியைத் தட்டுகிற மாதிரிதான் கேட்கும் என்பது உனக்கே தெரியும். போன டிசம்பரில் நீ ஹேர் டிரையரை வைத்துத் தோலைச் சூடுபண்ணி, பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்களே. தோலைக் காய்ச்ச அப்பாவிடம் இருந்தது கொஞ்சம் சருகுதான், அதுவும் நனைந்துவிட்டது. தீப் பிடிக்கவில்லை. சத்தம் எழும்பவில்லை. வந்திருந்த உறவுக்காரர்கள் முன்னால் இது என்ன கேவலம் என்று அந்த வீட்டு மகனுக்குக் கோபம் வந்தது. அப்பாவின் கையிலிருந்த அடிக்குச்சியைப் பிடுங்கி, அதனாலேயே அவர் விரல்களின் மேல் அடித்தார். ஒரு தடவை இல்லை. அப்பா அதற்குப் பிறகும் சாயங்காலம் வரை அடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். வீங்கிய கைக்கு நான்தான் மஞ்சள் பற்றுப் போட்டேன். அவர் அழவில்லை. என் பள்ளிக்கூடத்தில் என்ன பாடம் நடத்தினார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கருமாதி முடிந்ததும் காலனி கூடியது. பெரிய பேச்செல்லாம் இல்லை. இனி கொட்டு இல்லை என்று முடிவானது. தோலை உரித்து ஓடையில் விட்டார்கள். கட்டை வளையங்களை அடுப்பில் வைத்து எரித்து, அன்றைக்குக் காலனிக்கே சோறு பொங்கினார்கள். அந்தச் சோற்றை நான் சாப்பிட்டிருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் இன்னொரு முடிவும் எடுத்தார்கள். அதுதான் நீ தெரிந்துகொள்ள வேண்டியது. ஊர்ச் சாவுக்கு மட்டும் இல்லை, நம் சாவுக்கும் கொட்டு கிடையாது என்று முடிவு செய்தார்கள். நம் வீட்டுப் பிணத்துக்கு ஒரு அடி விழுந்தால், உங்களுக்கு அடிக்கிற கை எங்களுக்கு அடிக்காதா என்று கேட்க அவர்களுக்கு வாய் கிடைத்துவிடும். அந்த வாயை அடைக்க வேண்டும் என்றால் நாமும் சத்தமில்லாமல் போக வேண்டும். அப்படித்தான் காலனியில் எல்லாரும் போனார்கள். ஒப்பாரி இருக்கும், கொட்டு இருக்காது. என் அம்மா அப்படிப் போனாள். பத்து ஊருக்குக் கேட்கிற மாதிரி அடித்த என் அப்பாவும் அப்படித்தான் போனார். நீ அப்போது சின்னப் பிள்ளை. கொடைக்கானல் பஜாரில் தாரை தப்பட்டையோடு ஒரு ஊர்வலம் போனதைப் பார்த்திருந்தாய். தாத்தாவுக்கு ஏம்மா மேளம் இல்லை என்று கேட்டாய். நம் வழக்கத்தில் அது இல்லை என்றேன். அதை நம்பி வளர்ந்தாய் நீ.

கொட்டு அடிப்பதை விட்ட பிறகு நடந்ததை நான் கூட்டிச் சொல்ல விரும்பவில்லை. ஒரு போகம் முழுக்க உருளைக்கிழங்குத் தோட்டங்களில் காலனி ஆட்களுக்கு வேலை இல்லை. ஊற்றுக்குப் போகிற பாதையில் முள்ளை வெட்டிப் போட்டார்கள். அப்பா கொடைக்கானலுக்கு வந்து கட்டட வேலையில் கல் உடைத்தார். அங்கே வேலை செய்ததால்தான் மிஷன் ஹாஸ்டலைப் பற்றித் தெரிந்து என்னைக் கொண்டுவந்து சேர்த்தார். நான் பி.ஃபார்ம் படித்ததும், இந்த ஜன்னலுக்கு உட்பக்கம் உட்கார்ந்திருப்பதும், நீ பெங்களூரில் ஏ.சி. அறையில் பயிற்சி எடுப்பதும் அவர் கொட்டைக் கீழே வைத்ததால் வந்தவை. இதை யோசித்துப் பார்க்கும்போது எனக்குத் தலை சுற்றுகிறது. அவர் விட்டதால் படித்த நாம், படித்ததாலேயே அதைத் திரும்ப எடுத்திருக்கிறோம்.

இப்போது மூக்காயி சித்தி இறந்த நாளுக்கு வருகிறேன். காலனியில் எல்லாருக்கும் அவள் சித்திதான். நீ பெங்களூர் போகும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உன் வகுப்பு நடந்துகொண்டிருந்தது, பக்கத்துத் தெருவில் அவள் போய்விட்டாள். நீ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அப்படியே போனாய். மத்தவங்க சாவுக்கு அடிமையா அடிச்சோம், நம்ம மனுஷிக்கு மரியாதையா அடிப்போம் என்று பிள்ளைகளிடம் சொன்னாயாம். உன் பார்வையில் அது எவ்வளவு சரியான வாக்கியம்! எனக்குக் கேதம் சொல்லி நான் பஸ் பிடித்து வந்தபோது பாடை எடுத்துவிட்டார்கள். முன்னால் நீயும் பிள்ளைகளும். தர்ஷினி எட்டாவதுதான் படிக்கிறாள், அவள் அடித்த அடி மலைச்சரிவில் பட்டுத் திரும்பி வந்தது. காலனி முழுக்க அழுதது. நானும் அழுதேன். என் அப்பாவுக்குக் கிடைக்காதது இவளுக்காவது கிடைத்ததே என்று அழுதேன். எனக்குக் காலனியின் முடிவு தெரியும். தடுத்திருக்க வேண்டியவள் நான். ஒரு வார்த்தை சொல்லவில்லை, பாப்பா. கேட்டுக்கொண்டே நடக்க வேண்டும் போல இருந்தது. உன் மாமா மட்டும் கூட்டத்திலிருந்து விலகித் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்றுகொண்டார். மேட்டு ரோட்டில் ஊர்க்காரர்கள் சிலர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள். ஒருவர் போனில் படம் பிடித்தார். கார்த்திக் பார்த்த வீடியோ அதுதான்.

புதன்கிழமை காலை வெள்ளனே அவன் போன் செய்தான். திண்டுக்கல்லில் தோல் மாற்றிக் கட்டுகிற ஆளைப் பிடித்துவிட்டானாம். "நீங்க சிரமப்பட வேணாம் மேடம், நானே ஷெட் வண்டியில எடுத்துப் போட்டுட்டுப் போயி வெரசா மாத்தியாந்துர்றேன். செலவு நம்மளது." நான் இன்னொரு பொய் சொன்னேன். ஏற்கெனவே மதுரைக்குக் கொடுத்து அனுப்பிவிட்டேன் என்றேன். எந்தக் கடை என்று சொல்லுங்கள், பேசி முன்னாலேயே வாங்கித் தருகிறேன் என்றான். பிறகு கூப்பிடுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன். என் பொய்யை அவன் ஒவ்வொரு படியாகச் சரிசெய்துகொண்டே வந்தான். இனி நான் தோல் கிடைக்கவில்லை என்றால் தோல் வரும், பிள்ளைகளுக்குப் பரீட்சை என்றால் பள்ளிக்கூடத்தில் பேசுவான். காய்ச்சல் என்றால் என்னிடமே மருந்து கேட்பான்.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். உன் மாமா தோட்டத்திலிருந்து வந்து, மண்வெட்டியைக் கூடக் கீழே வைக்காமல் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். "அன்னைக்கே சொல்லணும்னு நெனச்சேன் ஆத்தா. பிள்ளை மொகத்தப் பாத்தேன். சொல்ல முடியல" என்றார். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் அதைவிட அதிகம் பயமாகவும் இருந்தது. தெரிந்தவர்கள் இரண்டு பேரும் உன் முகத்தைப் பார்த்துச் சும்மா இருந்திருக்கிறோம். சமுதாயக்கூடத்துக்குப் போனால், அங்கே தர்ஷினி பிள்ளைகளுக்குப் பழக்கிக்கொண்டிருந்தாள். நீ இல்லாதபோது அவள்தான் வகுப்பை நடத்துகிறாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த சீருடையோடு நின்று, சின்னதுகளின் மணிக்கட்டைப் பிடித்து, நீளமான மெல்லிய சிண்டுக்குச்சியை எப்படி வழுக்கிவிட வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தாள். உன் கைதான் அது, அப்படியே. நான் உள்ளே போய்ப் பறைகளை எடுத்துக்கொள்ளப் போகிறேன் என்றதும் சின்னதுகள் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தார்கள். அவள் மட்டும் தன்னுடையதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"என்னோடத மட்டும் விட்டுட்டுப் போங்க அத்தை. நான் யாரு எழவுக்கும் போக மாட்டேன், சத்தியமா."

அவளுடைய அப்பா முருகேசன் வாசலில் நின்றிருந்தான். கார்த்திக்கின் ஷெட்டில்தான் கேரட் கழுவுகிறான், அவன் பெண்டாட்டியும் அங்கேதான். கார்த்திக் கேட்டது ஷெட்டில் ஏற்கெனவே தெரிந்திருந்தது. அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "நீ போகாம யாருடி போவா? நீதான அங்க கெட்டிக்காரி." மகளைப் புகழ்ந்துதான் சொன்னான். என்னிடம் திரும்பி, "ஒரு நாளுதானக்கா. அந்தப் பய என்ன வாடா போடான்னா கூப்பிடுறான்? அண்ணேன்னுதான கூப்பிடுறான். மூஞ்சில அடிச்ச மாதிரி முடியாதுன்னா நல்லாவா இருக்கும்? நாளைக்கு ஷெட்டுல நான்தான போயி நிக்கணும்" என்றான். அவன் சொன்னதில் தவறு என்று எதைச் சொல்வேன்? என் சம்பளம் அரசாங்கத்திலிருந்து வருகிறது. அவனுடையது அந்த ஷெட்டிலிருந்து. முருகேசன் பிறந்ததே அந்தக் கூட்டத்துக்குப் பிறகுதான். அவனுக்கும் யாரும் எதுவும் சொல்லவில்லை. அண்ணே என்று கூப்பிடுகிறவனிடம் ஒரு நாள் போவான். அடுத்த சாவுக்கு இன்னொரு வீட்டிலிருந்து வருவார்கள், அவங்களுக்கு அடிச்சீங்களே என்பார்கள். அதற்கடுத்த வீட்டில் அண்ணே இருக்காது. ஒரு ஐப்பசியில் மூட்டம் இறங்கும், தோல் நமுக்கும், அப்போது தர்ஷினி எந்த வாசலில் நின்றுகொண்டிருப்பாள்? இதுதான் என் பயம். இதற்கு மேல் அதற்குப் பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை.

அவளுடையதையும் வாங்கிக்கொண்டேன். கொடுக்கும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. பஸ்ஸில் மூட்டையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு வரும்போது வளைவுகளில் பறைகள் ஒன்றோடொன்று இடித்து உறுமிக்கொண்டே வந்தன. கண்டக்டர் என்னக்கா, கச்சேரியா என்று கிண்டல் செய்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்தப் பயணத்தில்தான் ஒன்று பிடிபட்டது. கொட்டு அடிப்பதை விட்ட பிறகு பெரிய வீட்டிலிருந்து சமாதானம் பேச ஆள் வந்தபோது நான் அங்கே இருந்தேன். கூலி போதவில்லையா என்று கேட்டார்கள். வேட்டி எடுத்துத் தரச் சொல்கிறோம் என்றார்கள். காய்ந்த விறகு நாங்களே தருகிறோம், இனி மழையில் கஷ்டப்பட வேண்டாம் என்றும் சொன்னார்கள். அப்பாவும் மற்றவர்களும் எல்லாவற்றுக்கும் ஒன்றையே சொன்னார்கள்: "அடிக்க மாட்டோம்ங்க." ஏன் என்பதற்கும் அதே பதில். அப்பா ஏன் வீங்கிய கையைக் காட்டவில்லை என்று எனக்கு வெகுநாள் ஆத்திரம். காட்டியிருந்தால் அவர்கள் வெட்கப்பட்டிருப்பார்களே என்று நினைத்தேன். இப்போது புரிகிறது. காட்டியிருந்தால் மருந்து வந்திருக்கும். மன்னிப்பும் கூட வந்திருக்கலாம். அதன் பின்னாலேயே அடுத்த சாவும் வந்திருக்கும். காரணம் சொன்னால் அதைச் சரிசெய்துகொண்டு வந்து நிற்பார்கள். படிக்காத அவர்களுக்கு அது தெரிந்திருந்தது என்று எழுதத் தோன்றுகிறது, ஆனால் அது சரியில்லை. அவர்கள் அதைப் பல வருஷம் அனுபவித்திருந்தார்கள், அவ்வளவுதான். நான் அனுபவிக்காமல் தப்பித்தவள், அதனால் பொய் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மதியம் நானே கார்த்திக்கைக் கூப்பிட்டேன். பிள்ளைகள் வராதுங்க தம்பி என்றேன். தோல் வரவில்லையா என்று கேட்டான். தோல் கிழியவே இல்லை, நான் பொய் சொன்னேன் என்றேன். அவன் நிஜமாகவே புரியாமல் கேட்டான்: "உங்க ஆளுக சாவுக்கு அடிச்சீங்கள்ல? எங்க அப்பத்தான்னா மட்டும் ஏன்?" காலனி கூடிய அன்று பெரியவர்கள் பயந்த அதே கேள்வி. வராதுங்க என்று மட்டும் சொன்னேன். அவன் மறுபடி ஏன் என்றான். மறுபடி அதையே சொன்னேன். அப்போது அவன் குரல் மாறியது. கத்தவில்லை. யாரோ பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்த மாதிரி, "பொன்னன் மகதான நீங்க?" என்று கேட்டான். அதுவரை நான் மேடமாக இருந்தேன். ஆமாங்க என்றேன். சரி, வீட்டுல சொல்லிர்றேன் என்று வைத்துவிட்டான். நான் ஸ்டோர் ரூமுக்குள் போய் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். அப்பாவுக்கு அன்றைக்குப் பக்கத்தில் ஒரு காலனியே நின்றது. நான் தனியாக, யாரையும் கேட்காமல், முருகேசனுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அதுவும் தப்போ என்று இன்று காலையிலிருந்து அரித்துக்கொண்டிருக்கிறது.

உன்னிடம் நிறுத்திவிடு என்று சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதிக்கொண்டே வரும்போது அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று தெரிகிறது. தர்ஷினி அந்தச் சின்னதுகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்த விதத்தை நான் பார்த்துவிட்டேன். அதை வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியாது. ஆனால் நீ வந்ததும் நேராகப் பறையை எடுக்காதே. முதலில் காலனி கூட வேண்டும். அன்றைக்குக் காலனி கூடி எடுத்த முடிவை நீ தெரியாமலும் நான் தெரிந்தும் உடைத்தோம். அதைத் திரும்ப ஒட்டுவதா, வேறு முடிவு எடுப்பதா என்று அவர்கள் சொல்லட்டும். முருகேசனும் பேசட்டும், அவன் பெண்டாட்டியும் பேசட்டும், ஷெட்டு வேலை போனால் என்ன செய்வது என்பதையும் அங்கேயே பேசுங்கள். அப்பாவின் கையைப் பற்றி நான் வந்து சொல்கிறேன். பிள்ளைகளும் இருக்க வேண்டும். கூட்டத்தில் பேசி எனக்குப் பழக்கமில்லை, நீ பக்கத்தில் உட்கார். அதுவரை எந்தச் சாவுக்கும் ஒரு அடியும் விழக் கூடாது, நம் வீட்டுச் சாவாக இருந்தாலும். அதற்குள் எனக்கே ஏதாவது ஆகிவிட்டாலும்தான். கேட்க எனக்கு ஆசை இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனாலும் அடிக்காதே.

சாவுக்கு அடிக்கிற சாவடியே இல்லாமல் பறை முழுசாகுமா என்று நீ கேட்பாய். அதில்தான் எல்லாத் தாளநடையும் பிறந்தது என்று ஒருநாள் எனக்குச் சாப்பாட்டு மேஜையில் தட்டிக் காட்டினாய். முழுசாகாது என்றே வைத்துக்கொள்வோம். குறையாகவே இருக்கட்டும். அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பது என்று நீ சொல்லும்போதெல்லாம் ஒரு பொருளைக் கையில் கொடுப்பது போலச் சொல்கிறாய். இங்கே அதோடு இன்னொரு கை ஒட்டிக்கொண்டு வருகிறது, கூப்பிடுகிற கை. அது போய்விட்டதா என்று பார்த்துவிட்டுக் கொடு. நீ என்னைவிடத் தைரியசாலி. அந்தத் தைரியத்தில் பாதி நான் உனக்கு எதையும் சொல்லாமல் வளர்த்ததால் வந்தது. சொன்ன பிறகும் அது மிச்சமிருக்கிறதா என்று பார்க்க எனக்குப் பயம்தான்.

இப்போதைக்கு ஒன்றும் நடக்கவில்லை. முருகேசனை இன்றும் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். எல்லாம் அந்த அம்மா கண்ணை மூடும் நாளில்தான் தெரியும். நம் ஊருக்குப் பொறுப்பான கிராம செவிலியரை நான் தினமும் காலையில் கூப்பிடுகிறேன், மருந்து இருப்புக் கேட்கிற சாக்கில். கடைசியில் சும்மா கேட்கிற மாதிரி, பெரிய வீட்டு அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பேன். வைத்துவிட்டுச் சாமி படத்துக்கு முன்னால் நின்று, என் அப்பாவின் விரலை வீங்க வைத்த வீட்டு மருமகளுக்கு ஆயுசு கேட்கிறேன். என் அம்மாவுக்குக்கூட இப்படி வேண்டிக்கொண்டதில்லை. நீ வரும்வரை, காலனி கூடும்வரை அவர் இருக்க வேண்டும்.

இன்று காலையும் கேட்டேன். இரண்டு வாய் கஞ்சி குடித்தாராம்.

அம்மா